கட்டத்தில் ஓடும் தனி அலை: கேள்வி பதில்

கோவை, முதுகலை மாணவி: சைன்-கார்டன் என்ற அலைச் சமன்பாட்டின் கிங்க் அலையை (ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் படிபோல் ஏறும் தனி அலை) கணினியில் மெதுவாக ஓடவிட்டேன். கொஞ்ச தூரம் போய் ஓரிடத்தில் ஆடிக்கொண்டு நின்றுவிட்டது. நிரலில் தப்பா?

நிரலில் தப்பே இல்லாவிட்டாலும் இப்படி நிற்கும் அம்மணி. பவானி ஜமக்காளத்தில் ஒரு வண்ணப் பட்டையை ஓர் இழை தள்ளி நெய்யலாம், அரை இழை தள்ளி நெய்ய முடியாது. உங்கள் அலைக்கும் அதே கதிதான். மூலச் சமன்பாட்டில் கிங்க் எங்கே நின்றாலும் ஆற்றல் ஒன்றே. கணினியில் சம இடைவெளிப் புள்ளிகளில் மட்டும் கணக்கிடுகிறோம்; அந்தப் புள்ளிகளின் வரிசைதான் கட்டம். கட்டத்தில் அதன் நடு ஒரு புள்ளியின் மேல் இருந்தால் ஆற்றல் கூடுதல், இரு புள்ளிகளுக்கு நடுவில் இருந்தால் குறைவு. இந்த வித்தியாசத்துக்குப் பெயர்ல்ஸ்-நபாரோ தடை என்று பெயர். படிகக் குறைகளைப் பற்றிய ஆய்விலிருந்து வந்த பெயர் இது. மெதுவாக வரும் அலைக்கு இந்த மேட்டை ஏறத் தெம்பில்லை, பள்ளத்திலேயே ஆடுகிறது.

ஈரோடு: என் அலைக்கு மேட்டைத் தாண்டும் வேகம் இருந்தது. அதுவும் ஏன் தளர்ந்தது?

ஒவ்வொரு புள்ளியைக் கடக்கும்போதும் ஒரு குலுக்கல். வேகம் v, புள்ளிகளின் இடைவெளி h என்றால் குலுக்கலின் கோண அதிர்வெண் 2πv/h. கட்டம் தாங்கும் சிற்றலைகளின் அதிர்வெண் 1 முதல் √(1+4/h²) வரை. குலுக்கல் அதற்குள் விழுந்தால் சிற்றலைகள் கிளம்பி ஆற்றலை எடுத்துப் போய்விடும். வேகம் குறைந்து 2πv/h ஒன்றுக்குக் கீழே இறங்கியதும் அந்த வாசல் அடைபடும். அப்புறம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண் வழியாகத்தான் கசிவு. வரைபடத்தில் சரிவு திடீரென்று மட்டமாவது இதனால்தான். அலை சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெயரார்டும் க்ரஸ்கலும் 1984-இல் இதை விரிவாக ஆராய்ந்தார்கள்.

திருப்பூர்: h எவ்வளவு சின்னதாக வேண்டும்?

தடை ஏறத்தாழ e^(−π²/h) என்ற கணக்கில் சரிகிறது. h=1 என்றால் அடுக்கு −9.9, h=0.5 என்றால் −19.7. அதனால் பாதியாக்கினாலே பெரிய நிம்மதி. ஆனால் வேகமான கிங்க் √(1−v²) மடங்கு சுருங்கும்; v=0.9 என்றால் (உச்ச வேகம் 1 என்ற அளவில்) அகலம் பாதிக்கும் கீழே. நின்ற அலைக்குப் போதுமான கட்டம் ஓடும் அலைக்குப் போதாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பொள்ளாச்சி, கல்லூரி ஆசிரியர்: தடையே இல்லாத கட்டம் உண்டா?

உண்டுங்க சார். ஸ்பெயிட்டும் வார்டும் 1994-இல் சைன்-கார்டனுக்கு ஒன்று தந்தார்கள். நிற்கும் கிங்குக்குத் தடை இல்லை, ஆனாலும் ஓடும்போது கொஞ்சம் கசியும். நேரியலற்ற ஷ்ரோடிங்கர் என்ற இன்னொரு அலைச் சமன்பாட்டுக்கு அப்லோவிட்ஸ்-லாடிக் கட்டம் சாலிட்டானை (வடிவம் கெடாமல் ஓடும் தனி அலை) சிதைக்காமலே காக்கிறது. நிஜமான அணுச் சங்கிலியை ஆராய்கிறீர்கள் என்றால் தடையை நீக்கவே கூடாது. அங்கே இயற்பியலே அதுதான்.

கோபி: கேடிவி (கோர்ட்டவெக்-டி வ்ரீஸ்) அலைச் சமன்பாட்டில் இடைவெளியைப் பாதியாக்கினேன். விடை வெடித்துச் சிதறியது.

நேர அடியை, அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னேறும் நேர அளவை, அப்படியே விட்டிருப்பீர்கள். சாலிட்டான் என்ற பெயர் பிறந்த 1965-ஆம் ஆண்டின் சபுஸ்கி-க்ரஸ்கல் முறை போன்ற வெளிப்படை முறைகளில் (அடுத்த கண மதிப்பை முந்தைய மதிப்புகளிலிருந்து நேரடியாகக் கணக்கிடுபவை) நேர அடி h³-ஐ ஒட்டிக் குறைய வேண்டும். h பாதியானால் நேர அடி எட்டில் ஒன்று, மொத்த வேலை 16 மடங்கு.