லினக்ஸ் போர்ட்டுக்கு முன் ஒரு வயர்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “கணினிப் பொறியியல் மூன்றாம் வருடம். கையில் அர்டுயினோ, ஈஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைகள் (போர்ட்கள்) இருக்கின்றன. கருவிகளுக்குள் ஓடும் எம்பெடட் லினக்ஸ் பழக ஆசை. 20,000 ரூபாவுக்கு மேல் போக ஏலாது. ராஸ்பெரி பை 5 என்ற சிறு கணினியை வாங்கக் காசு சேர்க்கவா, அல்லது மலிவாக வேறு ஏதும் சரிவருமா?”

காசு சேரும்வரை காத்திருக்க வேண்டாம். பை 5 நல்ல போர்ட்தான். ஆனால் நீங்கள் பழகப் போகும் வேலைக்கு அந்த வேகம் தேவையே இல்லை. லினக்ஸைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் எப்படி எழும்புகிறது, லினக்ஸின் மையமான கர்னலை எப்படிக் கட்டுவது, போர்ட்டில் என்னென்ன உண்டு என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் ஒரு சென்சரை எப்படிச் சேர்ப்பது, மற்றக் கோப்புகள் இருக்கும் ரூட் ஃபைல்சிஸ்டத்தை எப்படிச் சுருக்குவது என்பவைதான் பாடம். பை 5இல் டெஸ்க்டொப்பைப் போட்டுப் பைதன் எழுதினால் அது இன்னொரு லப்டொப், அவ்வளவுதான்.

ஈஎஸ்பி32 இதற்கு உதவாது. உள்ளே இருப்பது 520 கிலோபைட் ரம். லினக்ஸ் வழக்கமாக எதிர்பார்க்கும், நினைவகத்தைப் பிரித்தாளும் எம்எம்யூ என்ற பகுதியும் இல்லை.

முதல் மாதம் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். லப்டொப்பில் கியூஎமு என்ற போலிக் கணினி மென்பொருளைப் போடுங்கள். லினக்ஸைக் கட்டித் தரும் பில்ட்ரூட்டை இறக்கி, கியூஎமுவின் 64 பிட் ஆர்ம் இயந்திரத்துக்கென அதில் ஆயத்தமாக இருக்கும் கொன்ஃபிக்கைத் தெரிவு செய்து, மேக் (make) கட்டளை கொடுத்துவிட்டு நித்திரைக்குப் போங்கள். நிறைய டேட்டா இழுக்கும், நேரமும் எடுக்கும். விடிய எழும்பிப் பார்த்தால் நீங்களே கட்டிய லினக்ஸ் லொகின் கேட்கும். கியூஎமு தராதது ஒன்றுதான்: எல்ஈடி எரியாது, ஐ2சி சென்சர் பேசாது. அந்தக் குறை உறுத்தத் தொடங்கும்போது கடைக்குப் போகலாம்.

போர்ட் வாங்கும்போது நான் கோர் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. லினக்ஸின் மூலக் கர்னலிலேயே அந்தப் போர்ட்டின் டிவைஸ் ட்ரீ கோப்பு இருக்கிறதா? யூ-பூட் என்ற பூட்லோடர் அதை அறியுமா? சிப்பின் முழுக் கையேடு பொதுவில் கிடைக்கிறதா? லக்ஃபொக்ஸ் பைகோ, மில்க்-வி டுவோ இரண்டும் 64 மெகாபைட் ரம்மில் மலிவாகக் கிடைப்பவை, கெட்டவை அல்ல. ஆனால் அவற்றின் எஸ்டிகே (மென்பொருள் தொகுப்பு) தயாரிப்பாளர் மாற்றிய 5.10 கர்னலோடு வருகிறது. பிழை வந்தால் அது உங்களுடையதா அவர்களுடையதா என்று தொடங்குபவருக்குப் பிடிபடாது.

என் தெரிவு, பாவித்த பீகிள்போன் பிளாக் போர்ட். 2013இல் வந்த கிழடு. 1 கிகாஹேர்ட்ஸ், 512 மெகாபைட். ஆனாலும் சிப்பின் கையேடு 4,000 பக்கங்களைத் தாண்டும், இலவசம். சிப்பிலேயே பதிந்த ரொம் முதலில் எம்எல்ஓ என்ற சிறு கோப்பைத் தூக்கும், அது டீடீஆர் ரம்மை எழுப்பி யூ-பூட்டைக் கூப்பிடும், யூ-பூட் கர்னலைக் கூப்பிடும். எம்எல்ஓவில் இருந்து ஒவ்வொரு படியையும் நீங்களே கட்டி மாற்றலாம். ராஸ்பெரி பையில் அந்த முதற்படி மூடிய ஃபேர்ம்வெயர். பீகிள்போன் அகப்படாவிட்டால் ஓல்வின்னர் எச்3 சிப் உள்ள ஒரேஞ்ச் பை வன் போதும்.

எங்கே தேடுவது? புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கும் யூனிட்டி பிளாசாவுக்கும் ஓடுவதற்கு முன், உங்கள் சீனியர்களின் லாச்சிகளைக் கேளுங்கள். இறுதியாண்டு புரொஜெக்ட் முடிந்த போர்ட்கள் அங்கேதான் தூங்குகின்றன. வெளிநாட்டில் இருந்து எடுப்பித்தால் 18 வீத வற் வரியும் கூரியர் காசும் சேர்ந்து மலிவு விலையைத் தின்றுவிடும்.

மெமரி கார்ட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 64 ஜிபி என்று அச்சடித்த 8 ஜிபி கார்ட்கள் உலாவுகின்றன. எஃப்3 என்ற இலவசக் கருவியால் முழுவதும் எழுதி வாசித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

எல்லாவற்றுக்கும் முன் வாங்க வேண்டியது, லப்டொப்பின் யூஎஸ்பியைப் போர்ட்டின் சீரியல் ஊசிகளோடு இணைக்கும் யூஎஸ்பி-டிடிஎல் வயர். சிபி2102 அல்லது சிஎச்340 சிப் உள்ளது போதும். திரை இல்லாத போர்ட்டுக்கு இதுதான் வாய். பீகிள்போனில் ஜே1 என்ற ஆறு ஊசி வரிசையில் 1 கிரவுண்ட், 4 ஆர்எக்ஸ் (வாங்குவது), 5 டீஎக்ஸ் (அனுப்புவது). வயரின் டீஎக்ஸ் போர்ட்டின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும், மற்றது மாறி. மின் தரும் சிவப்பு வயரைத் தொடவே வேண்டாம். லப்டொப்பின் டேர்மினல் மென்பொருளில் வேகம் 115200. கொழுவுமுன் மல்டிமீட்டரால் வயரின் டீஎக்ஸை அளந்து 3.3 வோல்ட் என்று உறுதிசெய்யுங்கள். நான் ஒருமுறை வயரில் வோல்ட்டைத் தெரிவு செய்யும் ஜம்பரை 5இல் மறந்து விட்டேன். புகைகூட வரவில்லை, அந்த ஊசி அன்றோடு ஊமை.

இந்த வயர் கையில் இருந்தால் “பழுது” என்று ஒதுக்கிய பீகிள்போனையும் துணிந்து கேட்கலாம். மெமரி கார்ட்டைக் கழற்றி, 5 வோல்ட் கொடுத்து, டேர்மினலைப் பாருங்கள். சி, சி, சி (C) என்று ஆங்கில எழுத்து விழுந்தால் ரொம் உயிரோடு இருக்கிறது. போர்ட்டின் உள் சேமிப்பான ஈஎம்எம்சியில் பூட்லோடர் கிடைக்காமல் சீரியல் வழியாக ஒன்றை அனுப்பச் சொல்லிக் காத்திருக்கிறது. விலையைப் பேசி எடுத்து வாருங்கள்.