கல்லூரிக் கால்பந்துக்குத் தரும் பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேள்வி: ஓஹாயோ மாநிலம் கொலம்பஸில் குடும்பத்துடன் வசிக்கிறேன். ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்த நாளிலிருந்து அதன் அமெரிக்கக் கால்பந்து அணியின் தீவிர ரசிகன். இரண்டு சீசன் டிக்கெட்டுகளுக்கும், அந்த இருக்கைகளைப் பெறுவதற்காகத் தர வேண்டிய நன்கொடைக்குமாக ஆண்டுக்கு 4,200 டாலர் ஆகிறது. வீரர்களுக்குப் பணம் திரட்டும் ‘கலெக்டிவ்’ ஒன்றுக்கும் மாதம் 150 டாலர் தருகிறேன். இதனால் எட்டு வயது மகளின் 529 கல்விச் சேமிப்புக் கணக்கில் மாதந்தோறும் போட்டுவந்த 300 டாலர் ஓராண்டாக நின்றுவிட்டது. கிரெடிட் கார்டில் 22 சதவீத வட்டியில் 5,000 டாலர் பாக்கி நிற்கிறது. நன்கொடைகளைச் சென்ற ஆண்டு வரிக்கழிவில் காட்டினேன். ரசிகர்கள் கைகொடுக்காவிட்டால் நல்ல வீரர்கள் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்களே என்ற கவலையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கலெக்டிவுக்குத் தரும் பணத்தை இந்த மாதமே நிறுத்திவிடுங்கள். கார்டு கடன் தீரும்வரை, அதாவது ஒரு சீசனுக்கு, சீசன் டிக்கெட்டையும் விட்டுவிடுங்கள். இது உங்களுக்கு எளிதாக இராது என்பதை அறிவேன்.

நீங்கள் மாணவராக இருந்தபோது பார்த்த விளையாட்டின் பொருளாதாரம் இன்று அடியோடு மாறிவிட்டது. 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு வருமானம் ஈட்ட, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு அனுமதித்தது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மேல் தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்குப் பின், முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை பல்கலைக்கழகங்களே தங்கள் வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. பல பத்தாண்டுகளாகப் பெருவருமானத்தை ஈட்டித் தந்தும் கல்வி உதவித்தொகைக்கு மேல் அதிகம் காணாத அந்த இளைஞர்களுக்கு இது நியாயமாகச் சேர வேண்டிய பணம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதைத் தரும் பொறுப்பு உங்கள் மகளின் கல்விச் சேமிப்பின் மேல் விழ வேண்டியதில்லை. ஓஹாயோ ஸ்டேட் இடம்பெற்றுள்ள பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பான பிக் டென், 2022-இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி நிறுவனங்களுடன் ஏழாண்டுக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. உங்கள் 150 டாலர் நின்றுபோனதால் எந்த வீரரும் அணி மாறப்போவதில்லை. அதே நேரத்தில் செலவு ரசிகர் தலையில் ஏறுவதும் தொடங்கிவிட்டது: டென்னசி பல்கலைக்கழகம் 2025 சீசன் டிக்கெட்டுகளின் மேல் ‘திறமைக் கட்டணம்’ என்று 10 சதவீதம் கூட்டியது. ஆகவே இனி வரும் ஆண்டுகளில் கேட்கப்படும் தொகை குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். கார்டு பாக்கிக்கு ஆண்டு வட்டி மட்டும் சுமார் 1,100 டாலர். 4,200 டாலர் டிக்கெட் உண்மையில் உங்களுக்கு 5,300 டாலர் ஆகிறது என்று பொருள். டிக்கெட்டையும் கலெக்டிவையும் நிறுத்தினால் மாதம் 500 டாலர் கையில் மிஞ்சும். அதை முழுவதும் கார்டுக்குச் செலுத்தினால் ஓராண்டுக்குள் கடன் தீர்ந்துவிடும். அதன்பின் முதல் 300 டாலர் 529 கணக்குக்குப் போகட்டும். ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்தால், அதன்பின் மகள் கல்லூரிக்குப் போவதற்கு இருக்கும் ஒன்பது ஆண்டில் அது ஏறக்குறைய 43,000 டாலராகும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 4,000 டாலர் வரை ஓஹாயோ மாநில வரிக்குரிய வருமானத்தில் கழிவும் உண்டு. மீதி 200 டாலர், அதாவது ஆண்டுக்கு 2,400 டாலர், உங்கள் கால்பந்துக்கு. அதில் தனி ஆட்ட டிக்கெட்டுகள் வாங்கிப் பாருங்கள். பெரிய போட்டிகளைத் தவிர்த்தால் குடும்பத்தோடு போகவும் கட்டுப்படியாகும். சீசன் டிக்கெட்டை விட்டால் நல்ல இருக்கைக்கான முன்னுரிமை போய்விடலாம். அந்த இழப்பு உண்மையானதுதான். எனினும் 22 சதவீத வட்டி கட்டிக் காக்க வேண்டிய அளவுக்கு அது பெரிதில்லை.

வரி விஷயத்தில் தாமதிக்க வேண்டாம். கல்லூரி விளையாட்டு டிக்கெட் வாங்கும் உரிமைக்காகத் தரும் நன்கொடையில் 80 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள முன்பு இடமிருந்தது. 2017-இல் இயற்றப்பட்ட வரிச் சட்டம் 2018 முதல் அதை முழுவதும் நீக்கிவிட்டது. கலெக்டிவ்களில் பல வரிவிலக்குக்குத் தகுதியற்றவை என்ற கருத்தை அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் 2023 ஜூனில் வெளியிட்டது. நீங்கள் பணம் தந்த கலெக்டிவ், ஐஆர்எஸ் அங்கீகரித்த அறக்கட்டளையா என்பதை ஐஆர்எஸ் இணையதளத்தின் தேடல் பகுதியில் பெயரிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டுப் படிவத்தையும் நன்கொடை ரசீதுகளையும் வரிக்கணக்கரிடம் காட்டி, தகுதியில்லாத தொகை கழிக்கப்பட்டிருந்தால் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திக் கொடுத்துவிடுங்கள். ஐஆர்எஸ் கடிதம் வருவதற்கு முன் நீங்களே திருத்தினால் வட்டியும் அபராதமும் குறைவாக இருக்கும்.