கதை புரிகிறது, விளக்கம் எழுத வரவில்லை

கேள்வி: ஜெர்மனியில் ஜெர்மானிஸ்டிக் (ஜெர்மன் மொழி, இலக்கியப் படிப்பு) இளங்கலை, இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். மொழி ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் செமினாருக்கு எழுதிக் கொடுப்பதெல்லாம் "இது கதைச்சுருக்கம்" என்ற குறிப்போடு திரும்பி வருகிறது. சட்டம், செய்தி போன்றவற்றில் விளக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஜெர்மனில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. பிரதி சொல்வதைத் திருப்பிச் சொல்கிறீர்கள். அது எப்படிச் சொல்கிறது என்று எழுதினால்தான் அங்கே மதிப்பெண்.

1925-இல் வெளிவந்த காஃப்காவின் 'விசாரணை' நாவலையே எடுத்துக்கொள்வோம். யாரோ யோசப் க.மீது அவதூறு சொல்லியிருக்க வேண்டும், தப்பு எதுவும் செய்யாமலே ஒருநாள் காலை அவன் கைதானான் என்று தொடங்குகிறது. "நிரபராதி ஒருவன் கைதாகிறான்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். கொஞ்சம் நில்லுங்கள். "சொல்லியிருக்க வேண்டும்" என்பது ஊகம். யாருடைய ஊகம்? கதைசொல்லியுடையதா, க.வுடையதா? தப்பு செய்யாமலே என்ற இடத்தில் 'ஹாட்டெ' என்று நேராக எழுதியிருக்கலாம், காஃப்கா 'ஹெட்டெ' என்று கொன்யுங்டிவ், அதாவது உறுதியாகச் சொல்லாத வினைவடிவம், போடுகிறார். அவன் குற்றமற்றவன் என்பதற்கு இங்கே யாரும் கையெழுத்துப் போடவில்லை. அதற்காக அவன் குற்றவாளி என்று தாவிவிடாதீர்கள். 'ஓனெ தஸ்' ('செய்யாமலே' என்பதில் உள்ள 'ஆமலே') என்பதற்குப் பின் கொன்யுங்டிவ் வருவது வழக்கம்தான். இப்படி உங்கள் வாதத்துக்கு எதிரான சாத்தியத்தையும் எழுதிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இலக்கியமல்லாத பிரதிக்கும் இதே கேள்விகள்தான். 1949-இன் ஜெர்மன் அடிப்படைச் சட்டம், மனித மாண்பு மீற முடியாதது என்று தொடங்குகிறது. வினைச்சொல் வெறும் 'இஸ்ட்', 'இருக்கிறது' என்பதுதான். மீறக் கூடாது என்றில்லை, முடியாதது என்கிறது. நாஜி ஆட்சி விழுந்து நான்கே ஆண்டுகள். செய்தியாகப் படித்தால் அப்பட்டமான பொய். அடுத்த வாக்கியம், அதை மதித்துக் காப்பது அரசு அதிகாரம் அனைத்தின் கடமை என்கிறது. யார், யாரிடம், எந்தச் சூழலில், எந்த வடிவத்தில் பேசுகிறார்கள் என்று கேளுங்கள், நாலு பக்கம் எழுதலாம். செய்தித்தாளில் அமைச்சர் பேச்சு 'ஹாபெ' என்று, பிறர் சொன்னதாகக் காட்டும் கொன்யுங்டிவில் வந்தால் பொறுப்பு அமைச்சருடையது. அதே பத்தியில் நிருபர், தானே உறுதியாகச் சொல்லும் 'ஹாட்' என்று மாறும் இடத்தைக் கோடிடுங்கள்.

அப்புறம், உரைநூல்கள், 'லெக்ட்யூரெஷ்லுசல்' கையேடுகள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அரைப் பக்கமாவது சொந்தமாக எழுதிய பிறகு திறங்கள். முன்னாலேயே படித்தால் நம் மூளை சொகுசாக அதன் பின்னாலேயே போய்விடும்.

ஹவுஸ்ஆர்பைட்டுக்கு (செமினாருக்காக வீட்டில் எழுதும் கட்டுரை) தலைப்பைக் குறுக்குங்கள். 'காஃப்காவில் குற்றம்' 15 பக்கத்தில் அடங்காது. 'முதல் அத்தியாயத்தில் ஊகிப்பது யார்' அடங்கும். அந்த அரைப் பக்கத்தை எடுத்துக்கொண்டே பேராசிரியரின் ஷ்ப்ரெஹ்ஷ்டுண்டெக்கு (மாணவரைச் சந்திக்கும் நேரம்) போங்கள். வெறுங்கையோடு போய்த் தலைப்பு கேட்டால் பேச்சு நகராது.