ஐ.டி.ஐ. சேர்ந்தால் மேற்படிப்புக்கு வழியே இல்லையா?

கேள்வி: பத்தாம் வகுப்பில் 287 மதிப்பெண் பெற்ற என் மகன் ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) மின்பணியாளர் (எலக்ட்ரீஷியன்) பிரிவில் சேர விரும்புகிறான். அங்கே போனால் பட்டம் வாங்கவே முடியாது என்று கூறும் ஒருவர், 40,000 ரூபாயும் அசல் சான்றிதழ்களும் கொடுத்தால் புதுச்சேரியில் பாலிடெக்னிக் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: அசல் சான்றிதழ்களை அவரிடம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இன்றே வாங்கிவிடுங்கள். சேர்த்துக்கொள்ளும் கல்லூரியே அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது, தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் தேசிய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதியாக இருக்கும்போது, இடைத்தரகருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? சான்றிதழ் கையை விட்டுப் போனபின் வேறெங்கும் சேர முடியாமல், கேட்ட பணத்தையெல்லாம் கொடுத்த பெற்றோரை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். தவிர, புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டு இடங்கள் அங்கே குடியிருப்போருக்கு உரியவை; கடலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு அவர் பிடித்துத் தரப்போவது, நீங்களே நேரில் போய்க் கட்டணம் செலுத்திச் சேரக்கூடிய தனியார் இடமாகத்தான் இருக்கும்.

மேற்படிப்புக்கு வழியில்லை என்பது பொய். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், அங்கே பட்டயம் (டிப்ளமோ) பெற்றபின் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். தமிழ், ஆங்கிலத் தாள்களைத் தனியே எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும் கிடைக்கும். ஆனால் இது இரண்டாண்டுப் பிரிவுகளுக்கு மட்டுமே. மின்பணியாளர், பொருத்துநர் (ஃபிட்டர்) ஆகியவை இரண்டாண்டு. பற்றவைப்பவர் (வெல்டர்) பிரிவு ஓராண்டு. ‘ஒரு வருடத்தில் வேலைக்குப் போய்விடலாம்’ என்று நண்பன் சொன்னதைக் கேட்டுக் கடைசி நேரத்தில் ஓராண்டுப் பிரிவுக்கு மாறுகிற பையனுக்கு, வேலை கிடைக்கலாம். நான் மேலே சொன்ன வழி கிடைக்காது. விண்ணப்பத்தில் பிரிவின் பெயருக்கு எதிரே உள்ள பயிற்சிக் காலத்தை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். இவ்வளவு முக்கியமான செய்தியைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுப்பதற்குக் கல்வித் துறைக்கு என்ன தடை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்துச் சலுகையும் உண்டு. தனியார் ஐ.டி.ஐ. என்றால், நிலையத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், மகன் சேரும் அந்தப் பிரிவுக்கு என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பிரிவுக்குப் பெற்ற அங்கீகாரத்தை வாசலில் மாட்டிவைத்து, அங்கீகாரமே இல்லாத வேறு பிரிவுக்கு ஆள் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

மகனையும் அழைத்துக்கொண்டு கடலூர் செம்மண்டலத்தில் உள்ள அரசு ஐ.டி.ஐ.க்கு ஒரு வேலை நாளில் சென்று, பயிற்சிக் கூடத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பலாம். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். அசலைச் சரிபார்க்கக் காட்டிவிட்டு, கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.