சியரா மலைக்கு கடலூர்ல இருந்தே மூட்டை கட்டிட்டு போகணுமா?

மஞ்சக்குப்பத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அமெரிக்காவுல பசிபிக் கிரெஸ்ட் ட்ரெயில், அதாவது மெக்சிகோ பார்டர்ல இருந்து கனடா வரைக்கும் 4,265 கிலோமீட்டர், அதை நடக்க போறாராம், ஜூன் நடுவுல கலிபோர்னியா சியரா மலைக்குள்ள இருப்பாராம். "கியர்சார்ஜ் கணவாய் வழியா இறங்கி சாமான் வாங்கணும்னு சொல்றாங்கண்ணா, அந்த ஊர்ல நமக்கு என்ன கிடைக்கும், இங்க இருந்தே அரிசி பருப்பு கட்டிடட்டுமா, அம்மா ரெடியா இருக்காங்க"ன்னு கேள்வி.

அம்மாவை கொஞ்சம் பொறுக்க சொல்லுங்க தம்பி. அரிசியை தொடவே வேணாம். கப்ரா வண்டுன்னு தானியத்தை அரிக்கிற ஒரு பூச்சி, அது இருக்கிற நாடுகள்ல இருந்து அரிசியை பெட்டியிலயோ பார்சல்லயோ கொண்டுபோக அங்க தடை, நம்ம நாடு அந்த லிஸ்ட்ல இருக்கு. கொண்டைக்கடலையும் அதே கேஸ்தான். கருவேப்பிலை எலுமிச்சை குடும்பத்து செடிங்கறதால காஞ்ச இலையா இருந்தாலும் கூடாது, ஆடு, கோழின்னு கறி அயிட்டமும் வேணாம். தாராளமா எடுத்துட்டு போக வேண்டியது வறுத்த பண்ருட்டி முந்திரி, 100 கிராம்ல கிட்டத்தட்ட 550 கலோரி, மலையில நடக்கிறவனுக்கு அதைவிட என்ன வேணும், ஆனா ஏர்போர்ட்ல சாப்பாட்டு சாமான் எது இருந்தாலும் ஆமா இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க, மறைச்சாதான் அபராதம். (கடலூர் ஓ.டி., அதாவது ஓல்ட் டவுன் கருவாடு எடுத்துட்டு போலாமான்னு ஒருத்தர் முன்னாடி கேட்டாரு. சட்டத்தை விடுங்க, கரடிக்கு விருந்து வைக்க ஆசைப்படாதீங்க.)

சரி, இடத்துக்கு வருவோம். சியராவுக்கு முன்னாடி வர்ற கென்னடி மெடோஸ்ங்கற இடத்துல சாப்பாடு நிரப்பிட்டு கிளம்பினா சுமார் 140 கிலோமீட்டர் கழிச்சு கியர்சார்ஜ் பிரிவு வரும். அங்க ட்ரெயிலை விட்டு 3,584 மீட்டர் கணவாயை ஏறி இறங்கி ஒரு 12 கிலோமீட்டர் நடந்தா ஆனியன் வேலி, அங்க கார் நிறுத்துற இடமும் கேம்ப் போடுற இடமும்தான், கடைன்னு எதுவும் இல்ல. அங்க இருந்து யார்கிட்டயாவது லிஃப்ட் கேட்டு ஒரு 20 கிலோமீட்டர் மலை ரோட்ல இறங்கினா இண்டிபெண்டன்ஸ். பேருதான் பெருசு, தம்மாத்தூண்டு ஊரு, போஸ்ட் ஆபீஸ் இருக்கு, பெட்ரோல் பங்க் கடையில பிஸ்கட் சிப்ஸ் கிடைக்கும், ஒரு வாரத்து சாப்பாட்டை அங்க தேத்த நினைக்காதீங்க. 395 ஹைவேல வடக்கால 65 கிலோமீட்டர் போய் பிஷப்ங்கற ஊருக்கு போயிடுங்க. பெரிய சூப்பர் மார்க்கெட், மலை சாமான் கடை, துணி துவைக்கிற கடை, ரூம் எல்லாம் இருக்கு. பஸ்ஸும் உண்டு, ஆனா கடலூர்-பாண்டி பஸ் மாதிரி ஒண்ணு போனா பின்னாடியே இன்னொண்ணு வராது, டைமை முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க.

எவ்வளவு வாங்கணும்ங்கறதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. திரும்ப ஏறினா அடுத்து சாமான் வாங்கப் போற ரெட்ஸ் மெடோங்கற இடம் வரைக்கும் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர், ஏழு நாள்னு வைங்க, நாளைக்கு 900 கிராம்னாலும் ஆறு கிலோவுக்கு மேல போகுது. அந்த ஏரியாவுல கரடி டப்பா, அதாவது கரடியால திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா கட்டாயம், பலரும் வாங்குற பெரிய சைஸே 11.5 லிட்டர்தான், காலி டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல கனம், இதுல சாப்பாடு மட்டும் இல்ல, பேஸ்ட், சன் ஸ்க்ரீன், வாசனை அடிக்கிற எல்லாமே உள்ள போகணும். அதனால பிரெட் வேணாம், டார்ட்டியான்னு நம்ம சப்பாத்தி மாதிரி ஒண்ணு வரும் அது வாங்குங்க, நூடுல்ஸை நொறுக்கி கவர்ல போடுங்க, இன்ஸ்டன்ட் உருளைக்கிழங்கு பவுடர், பீனட் பட்டர், சின்ன பாட்டில்ல ஆலிவ் ஆயில். அட்டைப்பெட்டி எல்லாத்தையும் கடை வாசல்லயே பிரிச்சு குப்பையில போட்டு ஜிப் கவருக்கு மாத்திடுங்க. முக்கியமா, முதல்ல வயிறார சாப்பிட்டுட்டு அப்புறம் கடைக்குள்ள போங்க, பசியோட போனா கையில கிடைச்சதெல்லாம் கூடையில விழும், அப்புறம் டப்பா மூடாது.

பார்சல் விஷயம். கேர் ஆஃப் அட்ரஸ் இல்லாமலே போஸ்ட் ஆபீஸ்ல பிடிச்சு வைக்கிற ஜெனரல் டெலிவரின்னு ஒரு வசதி இருக்கு, உங்க பேர், ஊர், எப்ப வருவீங்கன்னு மேல எழுதணும், பாஸ்போர்ட்டை காட்டி வாங்கிக்கலாம். மாத்து ஷூ, மருந்து மாதிரி கடையில கிடைக்காததுக்கு மட்டும் அதை வெச்சுக்கோங்க, சாப்பாட்டுக்கு வேணாம். நான் ஒரு மலை ஊர்ல சனிக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன், கதவு சாத்தி கிடக்கு, ஷூ உள்ள, நான் வெளிய, திங்கக்கிழமை காலையில வரைக்கும் ரூம் வாடகை தண்டம். நீங்க போற நேரத்துல ஜூன் 19 அங்க அரசு விடுமுறை, அதையும் கணக்குல எடுத்துக்கோங்க.

கேஸ் சிலிண்டர் ஃப்ளைட்ல ஏத்த விடமாட்டாங்க, பிஷப்லயே வாங்கிக்கலாம்.

கடைசியா ஒண்ணு, பிஷப் இருக்கிறது 1,265 மீட்டர்ல, கணவாய் 3,584ல, முதுகுல புல் லோடு வேற. கடலூர் பக்கத்து மேடான கேப்பர் மலையை மலைன்னு சொல்லி வளர்ந்த ஆளுங்க நாம, அதனால ஒரு நாள் பிஷப்ல ரெஸ்ட் எடுத்துட்டு மறுநாள் சாயங்காலமே ஆனியன் வேலிக்கு போய் படுத்துடுங்க, விடியக்காலம் வெயில் ஏறுறதுக்குள்ள நடக்க ஆரம்பிச்சுடலாம்.