பாட்டில் மூடி திறக்கவில்லை என்றால் கல்லீரல் கெட்டுவிட்டதா?

கல்லீரல் சுருங்கிப்போனதற்கான அடையாளம் எதுவும் நீங்கள் அனுப்பிய காகிதங்களில் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். கையின் பிடி தளர்ந்தால் கல்லீரல் முடிந்தது என்று இணையத்தில் எங்கோ படித்திருக்கிறீர்கள். அதிலிருந்து பாட்டில் மூடி மக்கர் செய்யும்போதெல்லாம் வலது விலாவுக்குக் கீழே தடவிப் பார்க்கிறீர்கள்.

முதல் பரிசோதனையில், கல்லீரல் செல்கள் சேதப்பட்டால் ரத்தத்தில் ஏறும் நொதிகளான எஸ்ஜிஓடி 41, எஸ்ஜிபிடி 62; ரத்தத் தட்டணுக்கள் 2,40,000. உங்கள் 51 வயதையும் சேர்த்து ஃபிப்-4 என்ற கணக்கைப் போட்டால் 1.1 வருகிறது. 1.3-க்குக் கீழே என்றால் கல்லீரலில் கடுமையான தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. கல்லீரல் தயாரிக்கும் புரதமான அல்புமின் 4.3, நன்றாகவே இருக்கிறது. ஸ்கேனில் சொன்ன கிரேடு 1 கொழுப்பு, அதாவது லேசான கொழுப்பு, கவனிக்க வேண்டியதுதான். தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதல்ல. நகத்தில் கோடு, நாக்கில் வெள்ளைப் படிவு, ஓடும்போது விலாவில் பிடிப்பு: இந்த மூன்றையும் மறந்துவிடுங்கள்.

இரண்டாவது பரிசோதனையில் எஸ்ஜிஓடி 94 ஆனதும், உடற்பயிற்சிதான் கல்லீரலைக் கெடுத்தது என்று ஜிம்மையே விட்டுவிட்டீர்கள். ரத்தம் கொடுத்தது எப்போது? ஜிம்மில் சேர்ந்த மூன்றாம் நாள், தொடை வலியில் படி இறங்க முடியாமல் இருந்தபோது. எஸ்ஜிஓடி கல்லீரலின் தனிச்சொத்து அல்ல, தசையிலும் நிறைய இருக்கிறது. எஸ்ஜிபிடியும் ஓரளவு உண்டு. பழக்கமில்லாத உடம்பு திடீரென எடை தூக்கினால் தசை நார்கள் நுண்ணிய அளவில் சேதப்பட்டு இவை ரத்தத்தில் கசியும். ஒரு வாரம் தாண்டியும் இறங்காமல் நிற்கலாம். தசையிலிருந்து வராத காமா ஜிடி என்ற கல்லீரல் நொதி உங்களுக்கு இயல்பாகவே இருக்கிறது. ஆக அந்த 94 பெரும்பாலும் தொடையின் கணக்கு.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: எடை 78 கிலோவிலேயே நிற்கிறது, ஆனால் பேன்ட் இடுப்பில் இறுக்குகிறது, தொடையில் தொளதொளவென்று கிடக்கிறது. நான் இரண்டு முறை படித்தது இந்த வரியைத்தான்.

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலின் சொல்கேட்டு வாங்கிக்கொள்வது தசை. அது இளைத்தாலோ, இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் போனாலோ, மிச்சம் கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பாகிறது. உங்களுக்கு நடப்பது அநேகமாக இவ்வளவுதான். ஆனால் இதே தோற்றம் முற்றிய கல்லீரல் நோயிலும் வரும். அந்த நிலையில் கல்லீரலால் இரவுக்குத் தேவையான சர்க்கரையைச் சேமித்துவைக்க முடியாது. உடம்பு தசையைக் கரைத்து ஈடுகட்டும். அம்மோனியாவை அகற்றுவதில் கல்லீரலுக்குக் கைகொடுப்பதும் தசைதான். அதனால் தசை போனால் மூளை குழம்பும் ஆபத்தும் கூடுகிறது. இதில் ஏமாற்று வேலை செய்வது எடை இயந்திரம். கரைந்த தசையின் இடத்தை வயிற்றில் சேரும் நீர் நிரப்பிவிடும், எண் அசையாது.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது பாட்டில் மூடியை அல்ல. கழுத்து நரம்பு, மணிக்கட்டு நரம்பு, தைராய்டு என்று பிடி தளர ஆயிரம் காரணம் உண்டு. கருவியில் அளந்து ஆண்களுக்கு 27, 28 கிலோவுக்குக் கீழே வந்தால்தான் நாங்களே அதைக் கணக்கில் எடுப்போம். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனாலோ, கை ஊன்றாமல் எழ முடியாவிட்டாலோ, தசை வலு குறைந்திருக்கிறது. அப்புறம் டேப்பை எடுத்து நடுத்தொடை, இடுப்பு இரண்டையும் அளந்து தேதி போட்டுக் குறித்துவையுங்கள். ஒரு மாதத்தில் தொடை மேலும் இளைத்து வயிறு மேலும் பெருத்திருந்தால், ஃபிப்-4 என்ன சொன்னாலும் கல்லீரல் மருத்துவரிடம் போய், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துவிடுங்கள். கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறது, கண் மஞ்சளாகிறது, பகலில் தூங்கி இரவில் விழிக்கிறீர்கள், பேச்சு தடுமாறுகிறது என்றால் மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

கடிதத்தில் மதுவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குடிப்பதில்லை என்று நானாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குடித்தால் நிறுத்துங்கள், அது கல்லீரலை மட்டுமல்ல, தசையையும் நேரடியாகத் தின்னும்.

இனி உங்கள் சுய வைத்தியம். கல்லீரலைக் 'கழுவும்' டானிக் வீண் செலவு. ஜிம்மில் யாரோ கொடுத்த, லேபிள் இல்லாத 'தசை ஏற்றும்' மாத்திரைதான் எனக்குக் கோபமூட்டுகிறது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், இல்லாத மஞ்சள் காமாலையை அதுவே கொண்டுவரும். கல்லீரலுக்குப் பயந்துகொண்டே அதை விழுங்கியிருக்கிறீர்கள்! இன்றே நிறுத்துங்கள், டப்பாவை எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கொழுப்பு கரைய வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விட்டதும் தவறு. பட்டினியில் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகும். சிறுநீரகம் நன்றாக இருப்பதால் நாளுக்கு 80, 90 கிராம் புரதம் உங்கள் எடைக்குத் தாங்கும். மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள்.

ஜிம்முக்குத் திரும்பப் போங்கள், ஆனால் மெதுவாகத் தொடங்குங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சி, மொத்தம் 150 நிமிடம் வேக நடை. எடை இயந்திரம் அசையாவிட்டாலும் எடைப் பயிற்சி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஐந்தாறு கிலோ நிதானமாகக் குறைந்தால் அழற்சியும் தணியும்.

ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முந்தைய பத்து நாள் எடை தூக்க வேண்டாம், நடை மட்டும் போதும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியோடு சிகே என்ற தசை நொதியையும் பார்க்கச் சொல்லுங்கள்.