ஐடிஐ படிக்கும் பெண்களும் அவர்களுக்கு உரிய பணமும்: கேள்வி-பதில்

அரசு ஐடிஐ ஒன்றில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராகச் சேர்ந்து, பயிற்சி அலுவலராக ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பணத்தைப் பற்றியவை. அதில் தப்பே இல்லை. பெண் பிள்ளையை லேத்தில் நிற்க அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு வரும்போது, மாதம் அவள் கையில் வரும் ஆயிரமோ ஆறாயிரமோதான் பல இடங்களில் முடிவைச் சொல்கிறது. இந்த முறை வந்தவற்றில் எட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஐடிஐயில் ஃபிட்டர் சேர ஆசைப்படுகிறாள். காலேஜ் போனால்தான் புதுமைப் பெண் பணம் வரும், ஐடிஐக்கு வராது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (ஒரு தாய், செய்யாறு)

உண்மை இல்லை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய இந்தத் திட்டத்தின் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். பட்டப்படிப்பு, பட்டயப்படிப்பு, தொழிற்பயிற்சி என்று மூன்றுக்கும் அது பொருந்தும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும் என்பது ஐடிஐக்குக் கட்டாயமில்லை. பத்தாம் வகுப்போடு சேர்ந்தாலும் உண்டு. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை நிறுத்த மாட்டார்கள்.

அரசு ஐடிஐயில் சேர்ந்தால் மாதம் 750 ரூபாய் தனி. இரண்டும் சேர்த்து 1,750. ஃபிட்டர் இரண்டு வருடப் படிப்பு, ஆக 24 மாதத்துக்கு 42,000 ரூபாய். இது போக சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் எல்லாம் விலையில்லாமல் கிடைக்கும். பயிற்சிக் கட்டணமும் கிடையாது. உறவினர்களிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். "ஆம்பளைப் பிள்ளைங்க படிப்பு" என்ற பேச்சுக்கு நான் முப்பது வருடம் வாயால் பதில் சொல்லிப் பார்த்தேன். தாளில் எழுதிக் காட்டியபோதுதான் வேலை நடந்தது.

சேர்ந்த முதல் மாதமே புதுமைப் பெண் விண்ணப்பத்தைப் பயிற்சி நிலையம் வழியாகக் கொடுத்துவிடுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருந்ததால் அலைந்த பிள்ளைகள் நிறைய.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாக (தொழிற்பழகுநராக) இருக்கிறேன். ஐடிஐ முடித்தவள். ஒப்பந்தத்தில் 7,000 என்று போட்டிருக்கிறது. கைக்கு வருவது 5,500. கேட்டால் "மீதியை கவர்மென்ட் போடும்" என்கிறார் சூப்பர்வைசர். நான்கு மாதமாக எதுவும் வரவில்லை. ஏமாற்றுகிறார்களா?

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பணம் எங்கேயோ நிற்கிறது. 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. ஆனால் மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாது. 7,000த்தில் கால் பங்கு 1,750, உச்சவரம்பினால் 1,500. மீதி 5,500 கம்பெனியின் பங்கு. முன்பெல்லாம் முழுத் தொகையையும் கம்பெனி கொடுத்துவிட்டு அரசிடம் திரும்ப வாங்கிக்கொள்ளும். 2023இல் அரசின் பங்கு நேரடியாக உங்கள் கணக்குக்கு வரும்படி மாற்றினார்கள்.

அது நிற்பதற்கு நான் பார்த்த காரணங்கள் இரண்டு. ஒன்று, கம்பெனி தன் பங்கைக் கொடுத்ததை மாதாமாதம் அப்ரண்டிஸ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். எச்.ஆரில் அந்த வேலையைப் பார்ப்பவர் தள்ளிப்போட்டால் அரசின் பங்கும் அங்கேயே நிற்கும். உங்கள் ஒப்பந்த எண்ணைச் சொல்லி, "என் நான்கு மாதப் பதிவும் ஏற்றியாகிவிட்டதா?" என்று மட்டும் கேளுங்கள். சண்டை வேண்டாம், ஆனால் மின்னஞ்சலில் கேளுங்கள். பின்னால் காட்ட ஒரு தடம் வேண்டும்.

இரண்டாவது காரணம் ஆதார். பாஸ்புக்கோடு ஆதார் நகலைக் கொடுத்தாலே இணைந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அது வேறு. அரசுப் பணம் விழும் கணக்கு இதுதான் என்று உங்கள் ஆதார் எண்ணுக்கு எதிரே ஒரே ஒரு வங்கியைத்தான் குறித்து வைத்திருப்பார்கள். கடைசியாக எந்த வங்கி அப்படிக் குறித்ததோ, பணம் அங்கேதான் போகும். என்னிடம் படித்த ஒரு பிள்ளை ஏழு மாதம் பணம் வரவில்லை என்று அழுதாள். தேடிப் பார்த்தால், எட்டாம் வகுப்பில் பள்ளி உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கில் அத்தனையும் கிடந்தது. அந்தப் பாஸ்புக் வீட்டுப் பரணில் இருந்தது. எந்த வங்கி குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஆதார் தளத்தில் செல்போன் ஓடிபி போட்டு நீங்களே பார்க்கலாம். சிக்கலாக இருந்தால் அஞ்சலகத்தில் புதுக் கணக்கு தொடங்கி, அங்கேயே ஆதாரை இணைத்துக்கொள்ளுங்கள். கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். அப்பாவோடு, அண்ணனோடு கூட்டுக் கணக்கு வேண்டாம். உங்கள் உழைப்புக்கு வரும் பணம் எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டியவர் நீங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், ஒப்பந்த நகலோடு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் உதவி இயக்குநரைப் பாருங்கள். பயிற்சி இரண்டாம் வருடத்துக்கும் நீண்டால் தொகை 10 சதவீதம் கூட வேண்டும். அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 38 வயது. பத்தாம் வகுப்பு பாஸ். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஏசி மெக்கானிக் கற்றுக்கொள்ள ஆசை. இந்த வயதில் யார் சேர்ப்பார்கள்? (திருப்பூர்)

அரசு ஐடிஐ சேர்க்கும். தமிழ்நாட்டில் ஐடிஐ சேர்க்கைக்கு ஆண்களுக்குத்தான் 40 வயது வரம்பு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. இது தெரியாமல் வாசல் வரை வந்து திரும்பிப் போன பெண்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆனால் மற்ற கதவுகள் வயது கேட்கும். மேலே சொன்ன 1,500 ரூபாய் அரசுப் பங்கு 35 வயது வரைதான். ரயில்வே அப்ரண்டிஸ் 24 வயதோடு முடிந்துவிடும். உங்களுக்கு நிச்சயமாகக் கிடைப்பது படிக்கும் காலத்து 750 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும்தான். பனியன் கம்பெனிச் சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு வருடம் அதில் குடும்பம் நடத்த முடியாது. ஏசி மெக்கானிக் இரண்டு வருடப் படிப்பு. வெல்டர் ஒரே வருடம், எட்டாம் வகுப்பு போதும். ஏசிதான் வேண்டும் என்றால், பகல் படிப்பு முடிந்து மாலை ஷிஃப்டில் அரைச் சம்பளத்துக்காவது வேலை கிடைக்குமா என்று முதலில் பேசிவிட்டுச் சேருங்கள். படிப்பு முடிந்ததும் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டர்களைக் கேளுங்கள். நான்கு பேர் வேலை செய்யும் கடைகூடச் சட்டப்படி அப்ரண்டிஸ் வைத்துக்கொள்ளலாம். முப்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் வைத்தே ஆக வேண்டும். வீட்டில் பெண்கள் தனியாக இருக்கும் நேரத்தில் ஏசி பார்க்க ஒரு பெண் வந்தால் எவ்வளவு நிம்மதி என்று வாடிக்கையாளர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குக் குறை இருக்காது.

பயிற்சி என்று சேர்த்துவிட்டு லைனில் நிற்க வைத்து ஓவர்டைம் வாங்குகிறார்கள். பீஸ் கணக்கில் காசு தருகிறோம் என்கிறார்கள். போன வாரம் கையில் வெட்டு. "நீ தொழிலாளி இல்லை, உனக்கு ஒன்றும் கிடையாது" என்கிறார்கள். (ஒரகடம்)

நீங்கள் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்று 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் 18ஆவது பிரிவில் சொல்கிறது. அதே சட்டம்தான் மற்றதையும் சொல்கிறது. பீஸ் கணக்கில் காசு கொடுக்கக் கூடாது (பிரிவு 13). தொழிற்பழகுநர் ஆலோசகரின் (இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரி) அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது (பிரிவு 15). பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு கொடுப்பது முதலாளி பொறுப்பு (பிரிவு 16). பாதியை மட்டும் படித்துக் காட்டியிருக்கிறார்கள் உங்களுக்கு. மருத்துவமனைச் சீட்டு, காயத்தின் படம், அன்று நின்ற மெஷினின் பெயர், நேரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, எழுத்தில் புகார் கொடுங்கள். ஒப்பந்தமே இல்லாமல் வெறும் "ட்ரெய்னி" என்று வைத்திருந்தால் இந்தச் சட்டம் உங்களைக் காக்காது. அதனால்தான் முதல் நாளே ஒப்பந்த எண் கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருடமாகச் சித்தாள் வேலை. கலவை போடுவது, செங்கல் சுமப்பது. பூச்சு வேலை பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன், ஆனால் கரண்டியைக் கையில் தர மாட்டேன் என்கிறார் மேஸ்திரி. பயிற்சிக்கு அரசாங்கத்தில் பணம் உண்டா? (ஒரு சகோதரி, விழுப்புரம்)

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு நாள் மனதில் வைத்திருந்தேன். நம் ஊரில் பெண்கள் சுமக்காத கட்டடம் இல்லை. ஆனால் ஆண் சித்தாளாக வந்தால் சில வருடத்தில் கொத்தனார் ஆகிறான். பெண் சித்தாளாக வந்து சித்தாளாகவே முதுகு வளைகிறாள். கூலி வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது. கரண்டி பிடிக்க எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை, பழக்கம்தான் தடுக்கிறது.

முதலில், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா? 1994இலிருந்து இயங்கும் வாரியம் அது. பதிவு இருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் பதியுங்கள். பதிவு பெற்றவர்களுக்கு வாரியம் ஒரு வாரத் திறன் பயிற்சி நடத்துகிறது. கொத்தனார், டைல்ஸ், பெயின்டிங், பிளம்பிங், கம்பி கட்டுதல், வெல்டிங் எல்லாம் உண்டு. பயிற்சி நாளுக்குக் கூலி போகிறதே என்று யோசிப்பவர்களுக்காக, தினம் 800 ரூபாய் இழப்பீடு கொடுக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் அடுத்த பயிற்சி எப்போது என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுப் பெயர் கொடுங்கள்.

ஒரு வாரத்தில் யாரும் கொத்தனார் ஆக முடியாது. ஆனால் உங்களுக்கு வேலை ஏற்கெனவே தெரியும். உங்களுக்கு வேண்டியது சான்றிதழும், கரண்டி பிடித்து நின்ற ஒரு வாரமும். அதன் பிறகு பெரிய சைட்டில் மேஸ்திரியிடம் கேட்காதீர்கள். கழிவறை, சுற்றுச்சுவர், சமையலறைத் திண்டு மாதிரி சிறு வேலைகளை இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நேரடியாகப் பேசி எடுங்கள்.

உங்களுக்கு 35 வயது தாண்டியிருந்தால் இன்னொன்றும் உண்டு. 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்களில் கட்டட வேலையும் ஒன்று. 3 லட்சம் வரை கடன். அதில் 25 சதவீதம் மானியம், ஆனால் 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. வட்டியிலும் 5 சதவீதம் வரை அரசு ஏற்கும். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். சாரக் குழாய், லெவல் பார்க்கும் கருவி, கலவை மெஷின் சொந்தமாக இருந்தால் உங்களிடம் கரண்டி தர மாட்டேன் என்று யார் சொல்ல முடியும்?

ஐ.சி.எஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) அப்ரண்டிஸுக்குப் பெண்கள் விண்ணப்பிக்கலாமா? தேர்வு கடினமா?

தாராளமாக விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. எழுத்துத் தேர்வும் இல்லை, மதிப்பெண் வரிசைதான். பயிற்சி முடிந்தால் வேலை உறுதி என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். ஆனால் ரயில்வே பயிற்சி முடித்தவர்களுக்கு லெவல் 1 எனப்படும் கடைநிலைப் பணி நியமனங்களில் 20 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தர்மபுரியிலிருந்து சென்னைப் பக்கம் வர வேண்டும். உதவித்தொகை வாடகைக்கே போய்விடும் போலிருக்கிறது.

ஒப்பந்தத்துக்கு முன்னால் கம்பெனியிடம் மூன்றைக் கேளுங்கள்: தங்குமிடம் உண்டா, சாப்பாடு உண்டா, இரண்டுக்கும் உதவித்தொகையில் பிடிப்பார்களா. பிடித்தது போக மிஞ்சும் எண்ணை வைத்து முடிவெடுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் சென்னையைச் சுற்றிப் பல இடங்களில் இருக்கின்றன, வாடகை தனியார் விடுதியைவிடக் குறைவு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம். அந்தப் பேருந்துத் தடத்தில் அறை பாருங்கள்.

தோழிகள் இரண்டு பேர் வெல்டர் முடித்தோம். 22 வயது. சொந்தமாகப் பட்டறை வைக்கக் கடன் கிடைக்குமா? (ராசிபுரம்)

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான மாநில அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டத்துக்கு ஐடிஐ படிப்பே தகுதி. 21 வயது நிறைந்திருந்தால் போதும். 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரையிலான திட்டத்துக்கு 25 சதவீதம் மானியம், ஆனால் 75 லட்சத்துக்கு மேல் போகாது. பாதி இடம் பெண்களுக்கு.

ஆனால் இப்போது வேண்டாம் என்பேன். 10 லட்சத்துக்குக் கீழே அந்தத் திட்டம் இல்லை. கேட், கிரில் ஆர்டர் எப்படி விலை பேசுவது, இரும்பு யாரிடம் கடனுக்கு எடுப்பது என்று தெரியாமல் அவ்வளவு கடனில் உட்கார்ந்தால், முதல் ஆறு மாதத் தவணையே மூச்சு முட்டும். ஒரு வருடம் அப்ரண்டிஸாகப் போய்த் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்குங்கள். இன்னொரு வருடம் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலை பாருங்கள். அங்கே தினமும் இரும்பு விலையையும் கூலியையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வங்கி மேலாளர் கேட்கும் திட்ட அறிக்கைக்கான எண்கள் எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.